தாம்போதியில் இறக்கிய வள்ளம்

ட்ரெய்லரில் இருக்கும் வள்ளமொன்றை நீரில் இறக்குவதற்கு மொத்தம் பதினான்கு படிகள். அவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி, தட்டச்சில் அடித்து, மூன்று பிரதி எடுத்துக் கோப்பில் போட்டவன் நான். சூறாவளி அடித்துப் போன பிறகு ஏதோ ஒரு வெளிநாட்டுத் தர்ம நிறுவனம் எங்கள் அரசாங்கக் கந்தோருக்கு ஒரு ஃபைபர் வள்ளத்தையும், அதற்கு ஒரு இஞ்சினையும், ஏற்றி இழுக்க இரண்டு சில்லு ட்ரெய்லரையும் கொடுத்திருந்தது. கூடவே ஒரு கைநூல். அதிலிருந்த படத்தில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரர், தண்ணீருக்குள் நீண்டு போகும் மர மேடையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். அவருடைய சப்பாத்து நனைந்திருக்கவில்லை. எங்கள் பக்கம் அப்படியொரு மேடை கடலிலும் இல்லை, ஆற்றிலும் இல்லை. இருந்தாலும் "மேடையில் நிற்கும் உதவியாளர் முன்கயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும்" என்று ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதுதான் எழுதுவினைஞனின் கடமை என்று அப்போது நினைத்திருந்தேன்.

வள்ளம் கந்தோர் வளவில் வாகை மரத்தடியில் சில வருடங்கள் நின்றது. ஒருநாளும் நனையவில்லை என்று சொல்ல முடியாது. மழை பெய்யும்போது நனைந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரியில், மேலே குளங்கள் எல்லாம் நிரம்பி வான் பாய்ந்து, வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மூடிக்கொண்டு ஓடியது. கல்முனையிலிருந்து மேற்கே வயல்பக்கம் போக, ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட அந்தத் தாம்போதி றோட்டுதான் வழி. அக்கரையில் இருந்த ஆட்கள் அங்கேயே நின்றார்கள். இக்கரையில் இருந்தவர்கள் எங்கள் கந்தோர் வாசலுக்கு வந்து, வாகை மரத்தடி வள்ளத்தைக் கையால் காட்டிக் கேட்டார்கள். அதை இறக்க அம்பாறைத் தலைமைக் கந்தோரிலிருந்து எழுத்தில் அனுமதி வரவேண்டும், கடிதம் போயிருக்கிறது என்று நான் பதில் சொன்னேன். சொன்னது உண்மை. கடிதத்தைக் கொண்டுபோன தபால் வண்டியும் அதே வெள்ளத்தில் நின்றுவிட்டது என்பதும் உண்மை.

மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கந்தோருக்குத் திரும்பியபோது, என் மேசைக்கு முன்னால் அக்கரையில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் நின்றார். சாரனிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலைத்துண்டை அவிழ்த்து, பொலித்தீன் பையில் சுற்றியிருந்த ஒரு காகிதத்தை எடுத்துத் தந்தார். வாழைத்தண்டுத் தெப்பத்தில் வந்தாராம். நடுவில் ஒருமுறை கவிழ்ந்ததாம். "பீடிக்கட்டு போயிற்று சேர்," என்றார். அவருக்கு அதுதான் கவலை.

காகிதத்தை எழுதியவர் டொக்டர் இல்லாத அக்கரை மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி. எழுதியிருந்தது என் மனைவியைப் பற்றி. அவள் அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கிழமை நாட்களில் அங்கே விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை லீவுக்கு வியாழக்கிழமை பின்னேர பஸ்ஸில் வீட்டுக்கு வருவாள். எங்களுக்குக் கலியாணமாகி அப்போது எட்டு மாதம். "வலது அடிவயிற்றில் குத்து, காய்ச்சல், குடித்ததெல்லாம் சத்தி. குடல்வால் என்று நினைக்கிறேன். இங்கே கத்தி வைக்க வசதியில்லை. இருட்டுவதற்குள் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் நான் பொறுப்பில்லை."

"நான் பொறுப்பில்லை" என்ற வசனத்தை என் சேவைக் காலத்தில் நூறு கடிதங்களிலாவது எழுதியிருப்பேன். அதை வாசிக்கிற பக்கத்தில் இருந்தது அன்றுதான் முதல் தடவை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அம்பாறை அனுமதியைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று எழுத விருப்பம்தான். யோசித்தேன். "அவசர நிலை கருதி, பின்னர் அங்கீகாரம் பெறப்படும்" என்று எழுதி, நானே ஒப்பமிட்டு, திகதியும் போட்டேன். அதற்கு ஐந்து நிமிடம் போனது. அந்த ஐந்து நிமிடத்தை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் மூத்த சகோதரருக்கு, ஒரு ட்ரெக்டர் இருந்தது. கதை தெரிந்ததும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, சேர்ட் கூடப் போடாமல் அதை ஓட்டி வந்தார். வள்ளம் ஓட்டுவதற்குப் பெரியநீலாவணையிலிருந்து ஒரு மீனவரைக் கூட்டி வந்தோம். மாரியில் கடல் கொந்தளிப்பு, அவர் கரையில்தான் இருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். வள்ளத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, "பிளாஸ்ரிக் வாளி மாதிரிச் சத்தம் வருது," என்றார்.

கிட்டங்கியில் போய் நின்றோம். றோட்டு நேராகப் போய்த் தண்ணீருக்குள் நுழைந்து காணாமல் போயிருந்தது. தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே, தாம்போதிக்குக் குறுக்காக, சத்தமில்லாமல் ஓடியது. சத்தம் போட்டிருந்தால் அவ்வளவு பயம் வந்திருக்காது. இலையும் ஊதாப் பூவுமாக ஆற்றுவாழைக் கூட்டங்கள் ஒரு வளவு அகலத்தில் மிதந்து போயின. அவற்றின் மேல் கொக்குகள் நின்று சவாரி போயின. அதற்குள் முதலை இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடலிலிருந்து முந்நூறு கஜம் தூரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நீந்தத் தெரியாது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

"பெட்டியப் பின்னுக்கு எடுக்கிறது எனக்கு வெத்தில போடுற மாதிரி மச்சான்," என்றார் மனைவியின் சகோதரர், ட்ரெய்லரைக் காட்டி. "றோட்டு எங்க இரிக்கி எண்டு மட்டும் செல்லுங்க."

அதைச் சொல்லத்தான் ஆள் தேவைப்பட்டது. வயல்பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. வெள்ளத்தில் மூடிய வரம்பிலோ றோட்டிலோ ட்ரெக்டர் போகவேண்டுமென்றால், ஆட்கள் இறங்கிக் காலால் தடவி ஓரத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றுவிடுவார்கள். இரண்டு பக்கமும் மனிதர்கள் வரிசையாக நிற்க, வண்டி நடுவால் போகும். கரையில் மூன்று நாளாகக் காத்து நின்றவர்களில் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முதல் ஆளுக்கு முழங்கால், கடைசி ஆளுக்கு நெஞ்சு.

போகும்போது ஒருவர் எனக்குக் கேட்கவென்றே சொன்னார்: "மூணு நாள் கந்தோர் வாசல்ல நிண்டம். கடிதம் வரணும் எண்டாங்க. இண்டைக்கு கிளாக்கர்ட ஊட்டுக்காரிக்கு வயித்துக்குத்து, வள்ளம் தானா நடந்து வந்திரிக்கி."

"அதுக்கு வயித்துக்குத்து வந்த புள்ள என்ன செய்யும்?" என்றார் அடுத்தவர். "கதைக்காம ஓரத்தில நில்லுகா."

நான் ட்ரெய்லர்ப் பக்கம் போனேன்.

அடுத்த தகராறு மீனவரோடு. கடலில் வள்ளத்தை அணியம் முன்னால், அதாவது முகம் அலையைப் பார்க்கத்தான் தள்ளுவார்கள். ட்ரெய்லரில் அப்படி முடியாது. பின்பக்கம்தான் முதலில் இறங்கும். அவர் சில்லுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"திருப்புங்க ஐயா. குண்டியால தண்ணிக்குள்ள போற வள்ளம் நான் கண்டதில்ல."

"ட்ரெய்லரில் இப்படித்தான். ஐந்தாம் படியில் இருக்கிறது."

"அந்தப் படிய எழுதினவன் இந்தத் தண்ணியக் கண்டவனா?"

எழுதியவன் நான்தான் என்று சொல்லாமல், நேரத்தைக் காட்டினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு வள்ளத்துக்குள் ஏறி முன்பக்கம் குந்தினார்.

ட்ரெக்டர் பின்னால் போகத் தொடங்கியது. மச்சான் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும் பிடித்து, இரண்டு வரிசை மனிதர்களுக்கும் நடுவே ட்ரெய்லரை விட்டார். அதில் அவர் சொன்னது பொய்யில்லை. ட்ரெய்லரின் சில்லுகள் மறைந்தன. வள்ளத்தின் பின்பக்கம் மெல்ல அசைந்தது, பிறகு மிதந்தது. அந்த நொடியில் ஆறு அதைப் பிடித்தது.

கைநூலில் ஆறு இல்லை. அதிலிருந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. எங்களுடைய தண்ணீர் வள்ளத்தின் பின்பக்கத்தை வடக்கே தள்ளியது. முன்பக்கம் இன்னும் ட்ரெய்லர்த் தூணில் பட்டியால் கட்டியிருந்ததால், வள்ளம் ட்ரெய்லரையும் சேர்த்துத் திருப்பியது. வடக்கு வரிசையில் கடைசியாக நின்றவர் "ஓரம்! ஓரம்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து விலகினார். அவர் நின்ற இடத்தில் ட்ரெய்லரின் ஒரு சில்லு இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. ட்ரெக்டரின் முன்சில்லு ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து மேலே எழும்புவதை நான் கண்டேன்.

"பட்டியக் கழட்டுங்க மச்சான்!" என்று அவர் ஆசனத்திலிருந்து கத்தினார். "கழட்டுங்க, இழுக்குது, என்னையும் கொண்டு போகுது!"

முன்கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி நான் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு அதற்கு மேலே. பட்டி சுற்றியிருந்த சக்கரத்தின் பிடியைப் பிடித்துத் திருப்பினேன். ஒன்பதாம் படி: பட்டியைத் தளர்த்திய பின்னரே கொளுக்கியைக் கழற்றவும். வாகை மரத்தடியில் நின்ற காலத்தில் சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. அது தளரவில்லை. இழுபட்ட பட்டியில் கொளுக்கி ஒரு நூல் அளவும் அசையவில்லை. மேலேயிருந்த மீனவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க!" என்று நான் கத்தினேன்.

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மனைவி அக்கரையில், மச்சான் சரியும் ட்ரெக்டரில், நான் மார்பளவு வெள்ளத்தில். என் வாயில் வந்தது அது. அந்தப் பட்டி அரச உடைமை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரே இழுவையில் வெட்டினார்.

ட்ரெக்டர் பொத்தென்று நான்கு சில்லில் விழுந்தது. வள்ளம் பறந்தது. முன்கயிறு என் கையில் இருந்தது, ஏனென்றால் மேடையில் நிற்கும் உதவியாளர் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடி, ஒரு முடிச்சில் நின்று, என்னையும் இழுத்தது. என் காலுக்குக் கீழே தார் றோட்டு இருந்தது. பிறகு றோட்டின் ஓரம் இருந்தது. பிறகு ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் காதுக்குள் வந்தது. உயிர் போகும்போது சொல்லவேண்டிய கலிமா நினைவுக்கு வரவில்லை. கையை விடவேண்டும் என்ற யோசனையும் வரவில்லை. யாரோ என் கொலரைப் பிடித்தார்கள். வேறு யாரோ கயிற்றைப் பிடித்தார்கள். நான் இருமி முடித்துக் கண்ணைத் திறந்தபோது, ஏழெட்டுப் பேர் கயிற்றில் தொங்க, வள்ளம் இழுபட்டுக்கொண்டு நின்றது. என் கொலரைப் பிடித்திருந்தவர், கந்தோர் வாசலில் மூன்று நாள் நின்றதைச் சொன்ன மனிதர்தான்.

"ஏறுங்க சேர்," என்றார். "பொறகு பேசுவம்."

ஆற்றின் நடுவில்தான் என் காலடியில் தண்ணீரைக் கவனித்தேன். ஏறும்போது வந்த தண்ணீர் என்று இருவரும் நினைத்தோம். மீனவர் ஒரு தகரப் பேணியால் கோலி ஊற்றினார். இன்னும் கோலினார். பிறகு நிறுத்தினார்.

"ஐயா, இது ஏறுது."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த வகை வள்ளத்தில், பின்பக்கம் அடியில், பெருவிரல் அளவில் ஒரு துவாரம் இருக்கும். கரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிந்து போவதற்கு. நீரில் இறக்க முன் அதற்குரிய அடைப்பைப் பூட்ட வேண்டும். எங்கள் மீனவர்களின் வள்ளத்தில் அப்படியொன்று இல்லை. தண்ணீர் வந்தால் கோலி ஊற்றுவார்கள், அவ்வளவுதான். ஆகவே அந்த முழு ஊரிலும் அந்தத் துவாரத்தைப் பற்றித் தெரிந்திருந்த ஒரே மனிதன் நான். அதன் அடைப்பைக் கழற்றி, தொலையாமல் இருக்க, காகித உறையில் போட்டு இலக்கமிட்டு, என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியவனும் நான்.

"வெள்ளக்காரன் ஓட்டயோடயா வள்ளம் செஞ்சவன்?" என்றார் மீனவர், நான் சொல்லி முடித்ததும். "சரி, அடைப்பு எங்க?"

"லாச்சியில்."

"லாச்சி?"

"கந்தோரில். பூட்டி வைத்திருக்கிறேன்."

"பூட்டியா இரிக்கு?"

"ஓம்."

"அப்ப அதுக்கு ஒரு பயமுமில்ல," என்று சொல்லிவிட்டு இஞ்சினைப் பார்த்தார்.

சட்டைப்பையிலிருந்த என் லேஞ்சியைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்து, காலால் மிதித்துக்கொண்டு அக்கரை போய்ச் சேர்ந்தோம். அங்கே அவர் ஒரு பூவரசங் கம்பை வெட்டிச் சீவி, லேஞ்சியைச் சுற்றி, கல்லால் அடித்து இறுக்கினார். அதற்குள் என் மனைவியை ஒரு கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். அப்போதிக்கரி பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவளுடைய உதடு வெடித்திருந்தது. முக்காட்டின் கரையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டாள். கண்டதாகக் காட்ட அவளுக்குப் பலமிருக்கவில்லை.

"குத்து சட்டென்று நின்றால் சந்தோசப்பட வேண்டாம்," என்று அப்போதிக்கரி என் காதில் சொன்னார். "நின்றால் வெடித்துவிட்டது என்று அர்த்தம். முனகுகிறவரை நல்லது."

ஆகவே திரும்பி வந்த வழியெல்லாம் என் மனைவி முனகவேண்டும் என்று நான் துஆ செய்துகொண்டு வந்தேன்.

பலகைகளின் மேல் பாய் விரித்து அவளைக் கிடத்தியிருந்தோம். தலை முன்பக்கம், கால் என் பக்கம். பாதி வழியில் ஒரு பெரிய ஆற்றுவாழைக் கூட்டம் வந்து எங்களைச் சூழ்ந்தது. இஞ்சின் இருமி நின்றது. மீனவர் அதைத் தூக்கி, சுற்றியிருந்த தண்டுகளை அறுத்து, மீண்டும் முடுக்கி, பின்னோக்கி ஓட்டினார். வள்ளம் உலுக்கியது. என் காலடியில் பூவரசங் கம்பு மிதந்தது. பக்கத்தில் லேஞ்சி.

மீனவர் கண்டார். நான் கண்டதையும் கண்டார். அவளைக் கண்ணால் காட்டி, வாயில் விரலை வைத்தார். கம்பைத் திரும்ப அடித்து இறுக்க அங்கே கல்லும் இல்லை, நேரமும் இல்லை. அவருக்கு இரண்டு கையும் இஞ்சினில் வேண்டும். நான் பின்பலகையின் மேல் கவிழ்ந்து, வலது கையைக் கீழே நீட்டி, பெருவிரலை ஓட்டைக்குள் விட்டேன். பொருந்தியது. சரியாகவே பொருந்தியது. இடது கையால் பலகையைப் பிடிக்காவிட்டால் விரலை அழுத்த முடியாது. அந்த நிலையில் என் முகம் வள்ளத்துக்கு வெளியே, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. விரலின் நுனி ஓட்டையைக் கடந்து ஆற்றுக்குள் இருந்தது. முதலை ஒரு விரல் நுனிக்காக வராது என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். விரல் அதை நம்பவில்லை.

ஃபைபர் விளிம்பு அறுத்தது. ஒவ்வொரு உலுக்கலுக்கும் இன்னும் கொஞ்சம் அறுத்தது. எனக்குப் பின்னால் அவளுடைய முனகல் கேட்டது. ஒருமுறை நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரை எண்ணினேன். பிறகு முனகினாள். "இஞ்சாருங்க," என்று என்னைக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் விரல் கழன்றுவிடும். "இஞ்சாருங்க," என்று இன்னொருமுறை கேட்டது. "வந்திட்டம்," என்றேன், ஆற்றைப் பார்த்து.

இக்கரையில் மேடை இல்லாததற்கு அன்று நான் கவலைப்படவில்லை. மனிதர்கள் நெஞ்சளவு தண்ணீருக்குள் வந்து, வள்ளத்தை இரண்டு பக்கமும் பிடித்து, அவள் கிடந்தபடியே றோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் வைத்தார்கள். மச்சான் ட்ரெக்டரைக் கரைக்கு எடுத்து, நெல் ஏற்றும் பெட்டியை எங்கிருந்தோ வாங்கிப் பூட்டி, அதில் வைக்கோல் பரப்பி வைத்திருந்தார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். உள்ளே கொண்டுபோனார்கள். மச்சானும் நானும் சுவரோடு சாய்ந்து நின்றோம். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு டொக்டர் வந்து, வெடிக்கவில்லை, வெடிக்க இருந்தது என்றார். மச்சான் நிலத்தில் உட்கார்ந்து, தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் வார்ட்டுக்குப் போனேன். பெண்கள் வார்ட்டு, கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள். அவள் விழித்திருந்தாள். நான் கொண்டுபோன தேத்தண்ணீரை வேண்டாம் என்றாள்.

"வள்ளத்தில ரெண்டு தரம் கைய நீட்டினன்," என்றாள். "நீங்க அங்கால பாத்துக்கிட்டு இருந்தீங்க. அந்த மனிசனுக்கு முன்னால பொண்டாட்டிட கையப் புடிக்க அவ்வளவு வெக்கமா?"

"வள்ளத்தில் ஓட்டை இருந்தது. விரலால் அடைத்துக்கொண்டிருந்தேன்."

அவள் நம்பவில்லை. கட்டுப் போட்டிருந்த விரலைக் காட்டினேன்.

"எவ்வளவு பெரிய ஓட்ட?"

"இவ்வளவு."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏறியிருக்க மாட்டன்."

"தெரியும்."

"அந்த மனிசனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது." தையல் இழுத்திருக்க வேண்டும், கண்ணை மூடித் திறந்தாள். "எப்படி அந்த ஓட்ட வந்த?"

அதையும் சொன்னேன். உறை, இலக்கம், லாச்சி, எல்லாம். ஒரு கோப்பை முழுதாக வாசிப்பதுபோல, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை.

"கைய இங்கால வைங்க," என்றாள்.

கட்டிலின் ஓரத்தில் வைத்தேன். கட்டுப் போட்ட விரலைத் தன் கைக்குள் எடுத்து, பார்வையாளர் நிறைந்த அந்த வார்ட்டின் நடுவில், பிடித்துக்கொண்டாள். அடுத்த கட்டிலில் இருந்த வயதான உம்மா ஒருவர் முக்காட்டை இழுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மணி அடித்தது. தாதி வந்து நேரம் முடிந்துவிட்டது என்றாள். நான் கையை எடுக்கவில்லை.